கரி ஒட்டும் இடம்: ஒரு மலைத் துப்பாக்கியின் இரும்புப் பூண்களோடு இரண்டு வருடம்

துப்பாக்கிக் கட்டையின் பின்முனையை மூடும் பட் பிளேட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றித் தகட்டை மெல்லத் தூக்கினேன். அடியில் இருந்த மரத்தில் கறுப்பாக ஒரு நிழல் தெரிந்தது. வால்நட் மரத்தில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் பல காலம் ஒட்டிக் கிடந்தால் மரம் மை பூசியதுபோலக் கறுத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரில் ஆணியைப் போட்டு வைத்தால் கறுக்குமே, அதே சங்கதிதான். ஆனால் அந்த நிழலும் என் கையில் இருந்த தகடும் பொருந்தவில்லை. தகட்டின் மேல்பக்கம் முன்னோக்கி நீளும் நாக்கு அகலமானது, முனை கூரானது. மரத்தில் இருந்த நிழலோ குறுகலாக, உருண்ட முனையோடு, அரை அங்குலம் குட்டையாக இருந்தது. நிழலைச் சுற்றி, கூர்முனை வரைக்கும், மரம் புதிதாகச் சீவியதுபோல வெளிறிக் கிடந்தது. நிழலுக்கு நடுவில் ஒரு பழைய திருகுத் துளையில் மரக்குச்சி அடித்து அடைத்திருந்தார்கள்.

அந்தத் துப்பாக்கியை அமெரிக்காவின் கிழக்கு டென்னசியில் ஒரு கிராமத்து ஏலத்தில் வாங்கியிருந்தேன். "எல்லாப் பாகமும் ஆதியில் இருந்தது, ஒன்றும் மாற்றவில்லை" என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்பிக் கொடுத்த பணத்தைவிட, இத்தனை படம் பார்த்துப் படித்தும் கையில் வைத்திருந்த தகட்டை நம்மால் அடையாளம் காண முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நான் நாக்ஸ்வில் பக்கம் 11 வருடமாக இருக்கிறேன். இயந்திரப் பொறியியல் படிப்பு, உலோக வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நாரிஸ் என்ற ஊர். அங்கே ஜான் ரைஸ் இர்வின் 1969-இல் தொடங்கிய அப்பலேச்சிய மலைநாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய்விட்டு, அங்கே தொங்கிய நீளத் துப்பாக்கிகளைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற வகை. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அதே வழிமுறை. ஆனால் குழலுக்குள் சுருள் வெட்டு இருக்கும், குண்டு சுழன்று போகும், குறி தப்பாது.

தகட்டையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து மலையடிவாரத்தில் 40 வருடமாகத் துப்பாக்கி செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் நிழலைப் பார்க்கும் முன்பே ஒரு மரக்குச்சியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். வாயோரம் பென்சிலால் கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் நீளவாக்கில் வைத்தார். குச்சியின் நுனி, மருந்துக்குத் தீ போகும் துளை வரை வரவில்லை. ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றது. அப்படியென்றால் உள்ளே இன்னும் மருந்தும் குண்டும் இருக்கிறது. ஒரு வாரம் அதை வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன், திருகு கழற்றினேன், பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். உடம்பு சில்லிட்டுப் போனது. பழைய துப்பாக்கி யார் கைக்கு வந்தாலும் முதல் வேலை இந்தக் குச்சி அளவுதான். மற்றதெல்லாம் அப்புறம். நுனி துளைவரை வரவில்லையென்றால் நீங்களாக நோண்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். என்னுடையதை அவரே பத்திரமாக எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் நிழலைப் பார்த்தார். "இதைச் சரிசெய்ய நினைக்காதே, இப்படியே விடு. வேண்டுமானால் புதிதாக ஒன்று செய். பூண்கள் அத்தனையும் நீயே அடித்து நீயே பொருத்து. அதற்குப் பிறகு இதை எடுத்துப் பார்" என்றார். அந்தப் பேச்சில் தொடங்கிய இரண்டு வருட வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூண் என்றால் உலக்கைக்குப் போடுகிறோமே, அதேதான். மரம் பிளக்காமல், தேயாமல் இருக்கப் போடுகிற உலோகம். தோளில் பதியும் பின்முனைக்கு பட் பிளேட். விசையைச் சுற்றிக் காக்கும் ட்ரிகர் கார்டு. குண்டைத் தள்ளிக் கெட்டிக்கும் கம்பி குழலுக்கு அடியில் செருகி நிற்க மூன்று நான்கு சிறு குழாய்கள். கட்டையின் கீழ்மூலைக்கு ஒரு நீளத் தகடு. முன்முனைக்கு ஒரு மூடி. இவ்வளவுதான் பூண். குழலையும், மருந்துக்குத் தீ மூட்டும் பொறியான லாக்கையும் செய்தவர்கள் வேறு எங்கோ இருந்திருக்கலாம். அந்த மலைக் கொல்லர்கள் பலர் லாக்கை விலைக்குத்தான் வாங்கினார்கள். ஆனால் பூண் மட்டும் பெரும்பாலும் அவரவர் உலையில் அடித்தது. அதனால்தான் ஊரையும் ஆளையும் தேடுகிறவர்கள் முதலில் பூணைப் பார்க்கிறார்கள்.

பென்சில்வேனியாத் துப்பாக்கிகளுக்குப் பித்தளைப் பூண்தான் வழக்கம். பித்தளையை உருக்கி மணல் அச்சில் ஊற்றி, ஒரே வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு எடுக்கலாம். தெற்கே எல்லாமே இரும்பு என்று சிலர் சொல்வது சரியில்லை. வடகரோலினாவில் சேலம் என்ற, மொரேவியக் கிறிஸ்தவர்களின் குடியேற்றத்தில் கிறிஸ்டோஃப் வோக்லர் போன்றவர்கள் அழகான பித்தளைப் பூண் போட்டார்கள். வர்ஜீனியாவின் ஷெனாண்டோ பள்ளத்தாக்கிலும் பித்தளைதான் அதிகம். இரும்பு ஆட்சி செய்தது மலைக்குள்ளே: கிழக்கு டென்னசி, மேற்கு வடகரோலினா, தென்மேற்கு வர்ஜீனியாவின் மூலைகள், வட ஜார்ஜியா.

ஏன் இரும்பு? பித்தளை வெயிலில் மின்னும், வேட்டையில் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பித்தளை மலைக்கு மேல் வண்டியேறி வரவேண்டும், காசு கொடுக்க வேண்டும். இரும்பு காலடியில் இருந்தது. ஜோன்ஸ்பரோ அருகே பம்பஸ் கோவ் போன்ற இடங்களில் மண்ணைத் தோண்டினால் இரும்புத்தாது, சுற்றிலும் கரிக்கு மரம், சக்கரம் சுழற்ற ஓடை. ஏர்முனையும் லாடமும் அடிக்கிற கொல்லருக்கு இரும்பை வளைக்கத் தனிப் படிப்பு தேவையில்லை. அச்சு வேண்டாம், மூசை வேண்டாம், பட்டை இரும்பு ஒரு முழம் போதும்.

அச்சு இல்லாததால்தான் ஒரே கொல்லரின் இரண்டு பூண்கூட அச்சுப்பிசகாமல் ஒத்திருக்காது. ஆனால் கைப்பழக்கம் இருக்கும். ஒருவர் கையெழுத்தில் 'ழ' ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறினாலும் அவர் எழுதியது என்று தெரியுமே, அப்படி.

டென்னசியில் பீன் குடும்பத்தைத் தெரியாத துப்பாக்கிப் பிரியர் கிடையாது. 1769 வாக்கில் வட்டாகா ஆற்றங்கரையில் வந்து குடியேறிய வில்லியம் பீனின் வழி. அவர் மகன் ரசல் பீன் துப்பாக்கிக் கொல்லர், முரடர். அவரைப் பிடிக்க ஆள் வராமல், அப்போது நீதிபதியாக இருந்த, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் தானே இறங்கிப் போய்ப் பிடித்தார் என்று ஜோன்ஸ்பரோவில் இன்றும் சொல்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், வடகரோலினாவின் மில்ஸ் ரிவரில் கில்லஸ்பி குடும்பம். அவர்களில் ஜான் கில்லஸ்பி ஜார்ஜியாவின் யூனியன் கவுண்டிக்குப் போய்த் தொழில் செய்தார்.

டென்னசி வேலையில் நான் முதலில் பார்ப்பது குழலின் பின்னால் இருந்து மரத்தின் மேல் ஓடும் நாக்கை. பெரும்பாலான ஊர்களில் அது இரண்டரை மூன்று அங்குலத்தோடு, கட்டையில் கை பற்றுகிற ஒடுங்கிய இடமான மணிக்கட்டில் நின்றுவிடும். கிழக்கு டென்னசியில் பல துப்பாக்கிகளில் அது மணிக்கட்டு முழுவதும் ஓடி, கன்னம் வைக்கும் மேட்டில் ஏறி உட்காரும். கட்டையில் எளிதாக முறிகிற இடம் மணிக்கட்டுதான், அதற்கு முதுகெலும்பு கொடுத்தது மாதிரி. அடுத்தது பட் பிளேட். குறுகலாக, பிறைபோல ஆழமாக வளைந்திருக்கும். தோளில் வைக்காமல் மேற்கையில் வைத்துச் சுட வேண்டிய அளவு வளைவு. அப்புறம் கட்டையின் வலப்பக்கம். அங்கே தாமரை மலர்ந்ததுபோல வெட்டிய பித்தளைப் பெட்டி இருந்தால் அது வேறு ஊர்க்கதை. மலையில் பெரும்பாலும் வெறும் குழி ஒன்று, கட்டைவிரல் புகுகிற அளவு. அதில் மாட்டுக்கொழுப்பு வைத்துக்கொள்வார்கள், குண்டைச் சுற்றும் துணித்துண்டை அதில் தொட்டுக்கொள்ள. பெட்டி வைத்தாலும் நீளமாக, ஒடுங்கி, சற்றே வளைந்த இரும்புப் பெட்டி. அதற்குப் பெயர் பனானா பாக்ஸ். பார்த்தால் மொந்தன் காய்தான்.

லாக்கின் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். வடக்கே அங்கே ஒரு தகடும் இரண்டு திருகும் இருக்கும். மலைத் துப்பாக்கிகளில் பல ஒற்றைத் திருகோடு, அடியில் ஒரு வாஷரோடு முடித்துவிடுவார்கள். சிக்கனம்.

ஆனால் வடிவம் ஊரைத்தான் சொல்லும். அந்தப் பூண் அந்த மரத்தோடு பிறந்ததா என்பதை வடிவம் சொல்லாது, நான் ஏமாந்தது அங்கேதான். அதற்குப் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். நிழலைச் சொல்லிவிட்டேன். அடுத்து திருகு. பழைய மரத்திருகின் நுனி மொட்டையாக இருக்கும். கூர் நுனித் திருகு இயந்திரத்தில் வந்தது 1840-களின் பிற்பகுதிக்கு மேல்தான். கையால் அரம் போட்ட திருகில் மரையின் இடைவெளி ஒரே சீராக இருக்காது, தலையில் இருக்கும் வெட்டு மிகச் சன்னமாக, பல சமயம் நடுவை விட்டு விலகியிருக்கும். என் துப்பாக்கியின் பட் பிளேட்டில் இருந்த இரண்டும் கூர் நுனி. கழற்றிய அந்த நிமிடமே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது அடையாளம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரும்பு பட் பிளேட்டை ஒரே துண்டில் அடிப்பது கடினம் என்பதால், பிறையைத் தனியாகவும் மேல் நாக்கைத் தனியாகவும் அடித்து, மூலையில் பித்தளையை உருக்கிப் பற்ற வைப்பார்கள். தகட்டைத் திருப்பி மூலையின் உட்பக்கம் பார்த்தால், துருவுக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு மஞ்சள் கோடு ஓடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் உலை முன்னால் குனிந்து, பித்தளை ஓடுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது எனக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் வெல்டிங் மணி தெரிந்தால் அது நம் காலத்து வேலை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இரும்புப் பூண் போட்ட துப்பாக்கி எது கிடைத்தாலும் "இது கிங்ஸ் மவுண்டனில் சுட்டது" என்று விற்க வருவார்கள். அமெரிக்க விடுதலைப் போரில், 1780 அக்டோபர் 7-ஆம் தேதி மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் அங்கே பிரிட்டிஷ் தளபதி ஃபெர்குசனின் படையை வென்றது வரலாறு. ஆனால் இன்று நம் கையில் கிடைக்கிற மலைத் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை 1800-க்குப் பிறகு செய்தவை. பிறை அத்தனை ஆழமாக வளைந்திருந்தால் அது அந்தப் போருக்குப் பிந்தியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்த கதைக்கு வருகிறேன்.

இந்த மரபு ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட அறுந்தே போயிருந்தது. 1970-களில் கென்டக்கியின் உட்பரியில் ஹெர்ஷல் ஹவுஸும் அவர் சகோதரர்களும் உலையில் அடித்த இரும்புப் பூண் போட்டுத் துப்பாக்கி செய்து, அதன்மேல் மறுபடி ஆசை வரவழைத்தார்கள். அந்த அலையில் கற்றவர்தான் எங்கள் பெரியவர். அவரிடம் ஒரே ஒரு சட்டம்: கரி ஒட்டிய இடத்தை மட்டும் வெட்டு.

அதாவது, தகட்டின் உட்புறத்தை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டினால் கரி படியும். அதை மரத்தில் வைத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால், இரும்பு இடிக்கிற இடத்தில் மட்டும் மரத்தில் கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை உளியால் சுரண்டு. மறுபடி புகை, மறுபடி தட்டு. முதல் நாள் இரண்டே புள்ளிதான் விழும், பிறையின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும். நடுவில் ஒரு விரல் போகிற சந்து. அதைப் பார்த்து நடுவில் கைவைக்கக் கூடாது. நுனிகளைக் குறைக்கக் குறைக்க நடுப்பகுதி தானாக வந்து சேரும். எனக்கு மூன்று வார இறுதி ஆனது. நூறு தடவைக்கு மேல் புகை காட்டியிருப்பேன். கடைசியில் ஒரு தட்டுக்கு மரம் முழுக்கப் பொரிபொரியாகப் புள்ளி விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் படமெடுத்துக் காட்டினேன்.

கரி பொய்யும் சொல்லும். அதிகமாகப் புகை காட்டினால் தடித்துப் படிந்து, இடிக்காத இடத்திலும் அப்பிக்கொள்ளும். விரல் தொட்டால் லேசாக ஒட்டுகிற அளவே போதும். அப்புறம், கறுப்பிலேயே இரண்டு வகை உண்டு. அழுந்தி விழுந்த புள்ளி சின்னதாக, ஓரம் கூர்மையாக, நடுவில் மரம் பளபளத்து இருக்கும். உரசி விழுந்த கறுப்பு நீளவாக்கில் தீற்றலாக இருக்கும். உரசலை அழுத்தம் என்று நினைத்து நாக்கின் பக்கச் சுவரைச் சுரண்டினேன். அங்கே இன்றும் ஒரு தாள் அளவு சந்து தெரிகிறது. தகட்டை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வைத்து எடுத்திருந்தால் உரசியே இருக்காது.

பட் பிளேட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மரத்தைச் சுரண்டச் சுரண்டத் தகடு முன்னே நகரும். விசையிலிருந்து பின்முனை வரை 13½ அங்குலம் வேண்டுமென்றால், தொடக்கத்தில் கால் அங்குலத்துக்கும் மேலாகவே கூட்டி விடுங்கள். நான் எட்டில் ஒன்றுதான் விட்டேன், கடைசியில் 13¼-இல் வந்து நின்றது. எனக்குக் கை நீளம் குறைவு, அதனால் தப்பித்தேன். நீளமான ஆள் என்றால் அந்தக் கட்டை வீண்.

பூணின் ஓரங்களை அரத்தால் சற்றே உள்சாய்வாகத் தேய்க்க வேண்டும், அடிப்பக்கம் ஒரு மயிரிழை குறுகலாக. பாட்டிலுக்குத் தக்கை மாதிரி. உள்ளே இறங்க இறங்க இறுகும், கடைசித் தட்டில் சந்தே தெரியாது. நேர்ச்சுவராக விட்டால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மரத்தின் ஓரத்தைக் கூடவே பெயர்த்துக்கொண்டு வரும். இதை எல்லாப் பூணுக்கும் செய்யுங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையில் உளியைவிட அரம்தான் பெரிய ஆயுதம்.

திருகுத் துளையைக் கடைசியில் போடுங்கள். அதையும் தகட்டின் துளைக்கு நேர் நடுவில் போடாமல், மேல் நாக்கில் மயிரிழை முன்னால் தள்ளிப் போட வேண்டும். திருகு இறங்கும்போது அதன் கூம்புத் தலை தகட்டை முன்னோக்கி இழுத்து மரத்தோடு இறுக்கும். நான் கையால் அரம்போட்ட அழகான திருகை நேராக வால்நட்டில் ஓட்டி, பாதியில் தலை முறிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்டை எடுக்க ஒரு நாள். கடையில் வாங்கிய கெட்டியான எஃகுத் திருகை முதலில் ஓட்டி மரையை வெட்டிவிட்டு, நல்ல திருகில் தேன்மெழுகு தடவி அப்புறம் ஓட்ட வேண்டும்.

ட்ரிகர் கார்டுதான் என்னைப் படுத்தியது. மூன்று துண்டு: விரலுக்கு வெளியே வளையும் வில், அதற்குப் பின்னால் கைப்பிடியோரம் ஓடிச் சுருண்டு முடியும் கம்பி, முன்னால் மரத்தில் பதியும் நாக்கு. பட்டை இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, வில்லை ஒரு குழாய்மேல் வைத்து வளைத்தேன். அதுவரை சுகம். பற்ற வைப்பதில்தான் பாடம்.

இணைகிற இரண்டு முகமும் தாள் நுழையாத அளவு பொருந்த வேண்டும். சந்து இருந்தால் பித்தளை அதை நிரப்பும், ஆனால் பிடிக்காது. வெண்காரம் தூவி, சின்னப் பித்தளைத் துண்டு வைத்து, கம்பியால் கட்டி, தடித்த துண்டின் பக்கமிருந்து சூடேற்ற வேண்டும். பித்தளை சூட்டை நோக்கித்தான் ஓடும். அவசரப்பட்டு நேரே பித்தளைமேல் தீயைக் காட்டினேன். வெள்ளைப் புகை கிளம்பியது, அதிலிருந்த துத்தநாகம் எரிந்தது. இணைப்பு ஆப்பம் மாதிரிப் பொத்தலாகிவிட்டது. அது போதாதென்று, கட்டுவதற்கு நான் எடுத்த கம்பியும் துத்தநாகம் பூசிய வேலிக்கம்பி. அன்று இரவு குளிரடித்துக் காய்ச்சல், வாயெல்லாம் உலோகச் சுவை. மறுநாள் விட்டது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூச்சில்லாத இரும்புக்கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள், வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து அடிக்கட்டும்.

பொத்தலான அந்த கார்டு, மரத்தின் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் வளைத்தபோது பற்றிலேயே முறிந்தது. இரண்டாவது செய்தபோது வளைவையெல்லாம் முதலில் முடித்துக்கொண்டு, கட்டைமேல் வைத்தால் இரண்டு முனையும் தானாகப் படுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பற்ற வைத்தேன். ஏனென்றால் திருகை இறுக்கி கார்டை மரத்துக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இழுத்தால் அது வில் மாதிரி நாண் ஏறி நிற்கும். நாள் போகப் போக, மணிக்கட்டில் மரத்தின் நரம்போட்டம் சாய்வாக இருக்கிற இடத்தில் விரிசல் விடும். பொருந்தாத பூணைத் திருகால் பொருத்தக் கூடாது. கையால் வைத்தால் தானாக உட்கார வேண்டும், திருகு அதை அங்கேயே காவல் காக்கத்தான்.

கம்பிக் குழாய்கள் சுலபம். ஒரு மில்லிமீட்டர் தகட்டை, கம்பியைவிடச் சற்றே பருத்த ட்ரில் தண்டின்மேல் சுற்றி, இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரு காதுபோல மேலே விட்டால் போதும். மரத்துக்குள் போகும் அந்தக் காதில்தான் குறுக்கு ஊசி ஏறும். குழலுக்கும் கம்பிக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குல மரம்தான் இருக்கும். ட்ரில் துளி மேலே போனால் குழலில் இடிக்கும், கீழே போனால் கம்பி ஓடும் வழியில் வந்துவிடும். கட்டையின் வெளிப்பக்கம் கோடு போட்டு இரண்டு முறை அளந்துவிட்டுத் துளையிடுங்கள்.

பளபளப்பு ஏற்ற வேண்டாம். இந்த மலைக்காரர்களின் வேலையில் அரத்தின் கோடு நீளவாக்கில் அப்படியே தெரியும், அதுதான் அதன் முகம். சன்ன அரத்தால் ஒரே திசையில் இழுத்துத் தேய்த்துவிட்டு, துருவேற்றும் கரைசலைத் தடவி, ஈரத்துணி தொங்கும் பெட்டிக்குள் வைத்தேன். ஜூலை மாதப் புழுக்கத்தில் ராத்திரியே மெல்லிய துரு படர்ந்துவிட்டது. தேய்த்து, மறுபடி தடவி, ஆறு முறை. கடைசியில் சோடா உப்புக் கரைசலில் கழுவித் துருவை நிறுத்தி, எண்ணெய் பூசினால் பலாக்கொட்டைத் தோல் நிறம் வந்தது. புதுப்பூணுக்குத்தான் இதெல்லாம். பழைய துப்பாக்கியின் துருவைத் தேய்க்கவே கூடாது. அரத்தின் கோடு, பித்தளைக் கோடு, எல்லாச் சாட்சியும் அந்தத் தோலுக்குள்ளே இருக்கிறது.

புதியது முடிந்த வாரம் பழையதை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு வருடம் துணி சுற்றி வைத்திருந்தது. பட் பிளேட் அந்நியம், அது தெரிந்ததுதான். ட்ரிகர் கார்டும் மாற்றியதாகவே இருக்கும் என்று மனதில் முடிவு கட்டியிருந்தேன். திருகைக் கழற்றி, முன்நாக்கின் ஊசியைத் தட்டி எடுத்து, கார்டைத் தூக்கினேன். அடியில் நிழல். ஓரத்துக்கு ஓரம் அதே வடிவம், ஒரு நூல்கூட விலகவில்லை. மொட்டை நுனித் திருகு. ஓரங்களில் உள்சாய்வாக அரம் போட்ட தடம், என் அரம் விட்டுப் போகிற அதே சாய்வு. வில்லும் கைப்பிடிக் கம்பியும் சேரும் மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், துருவுக்கு நடுவே மஞ்சள் கோடு. ஒரு ஓரத்தில் பித்தளை முழுவதும் ஓடாமல் கால் அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தது. தடித்த பக்கம் போதிய சூடு ஏறவில்லை. அந்தக் கொல்லருக்கும் அன்று அது சரியாக அமையவில்லை.

பட் பிளேட்டை மாற்றவில்லை. கழற்றியபோது பார்த்ததையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதி, நிழலின் வடிவத்தை அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து எடுத்து, இரண்டு தாளையும் மடித்துத் துப்பாக்கியோடு துணிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு அது யார் கைக்குப் போனாலும், திருகைக் கழற்றாமலே அவர்களுக்கு விவரம் தெரியும். பழைய குறுகலான நாக்கு, உருண்ட முனை, பிறை எவ்வளவு ஆழம் என்று அந்த நிழலை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த கட்டைக்கு வால்நட் பலகை வாங்கியாகிவிட்டது, கொட்டகையில் காய்கிறது.